அட்ஜஸ்ட் பண்ணத் தெரியாதவளின் ஒன்பது வருடம்

“உனக்கு அட்ஜஸ்ட் பண்ணத் தெரியலையே அம்மணி. இந்தத் தொழில்ல நீ ஆறு மாசம் நிக்கறதே பெருசு.”

பனியன் கம்பெனியில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், காலை பத்து மணிக்குள் எனக்குக் கிடைத்த நற்சான்றிதழ் இது. வழங்கியவர் எங்கள் புரொடக்ஷன் மேனேஜர் சண்முகம் சார். நான் செய்த குற்றம் பெரிதொன்றுமில்லை. நாலு பேர் நிற்கும் செக்கிங் மேசையில் என்னை ஐந்தாவதாக நிற்கச் சொன்னார்கள். “இடமில்லீங்களே சார்” என்று உள்ளதைச் சொல்லிவிட்டேன். மேசை முழுக்கச் சிரித்தது. மற்ற நாலு பேரும் இடுப்பை ஒரு நெளி நெளித்து, எங்கிருந்தோ ஓர் ஆள் நிற்கும் இடத்தை உண்டாக்கிவிட்டார்கள். “இதாங்க்கா அட்ஜஸ்ட்” என்று பக்கத்திலிருந்தவள் எனக்கு விளக்கம் வேறு கொடுத்தாள்.

அவர் ஆறு மாதம் என்றார். நான் ஒன்பது வருடம் நின்றேன். செக்கிங்கில் நாற்காலி கிடையாது என்பதால், நின்றேன் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். இரண்டாயிரத்தில் பிளஸ் டூ முடித்த கையோடு சேர்ந்தவள், இரண்டாயிரத்து ஒன்பதில் குவாலிட்டி கன்ட்ரோலராக வெளியே வந்தேன். எனக்கு வயது இருபத்தேழு. கூட வேலை செய்தவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கி, அதில் ‘பணி ஓய்வு வாழ்த்துகள்’ என்று எழுதிக் கொடுத்தார்கள். பேரன் பேத்திகளுடன் நலமாக வாழ வேண்டும் என்று ஒருத்தி வாழ்த்துரை வாசித்தாள். எனக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை.

ஓய்வு பெற்றவர்கள் அனுபவம் எழுதுவது வழக்கமாம். எழுதச் சொன்னவளும் ஒருத்தி உண்டு. அவள் சுமித்ரா. ஒடிசாவிலிருந்து வந்து, என் கடைசி வருடத்தில் செக்கிங்கில் சேர்ந்த பெண். தமிழ் கற்றுக்கொள்ள ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருந்தாள். இடது பக்கம் தமிழ்ச் சொல்லைத் தன் எழுத்தில் எழுதுவாள். வலது பக்கம் அர்த்தம். ‘நூல்’, ‘கறை’, ‘ஓட்டை’, ‘சாப்டாச்சா’ என்று வரிசையாகப் போயிருந்தது. ஒரு மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

“அக்கா, அட்ஜஸ், அட்ஜஸ் சொல்றாங்க. அது அர்த்தம் என்னக்கா?”

“அது தமிழில்ல கண்ணு. இங்கிலீஷ்.”

அவள் நம்பவில்லை. “இங்கிலீஷா? அப்ப சண்முகம் சார் போன்ல அவர் அம்மாகிட்ட ஏன் சொல்றாரு? அவங்க அம்மா இங்கிலீஷ் தெரியுமா?”

நோட்டில் அந்தச் சொல்லுக்கு எதிரே ஆறு வரி இடம் விட்டிருந்தாள். இரண்டு நாளில் அது போதவில்லை. மூன்று பக்கம் ஆனது.

நான் அந்தச் சொல்லை முதலில் படித்தது சேவூர்ப் பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில். பாடப் புத்தகத்தின் பின்பக்கத்தில் அதற்கு ‘சரிப்படுத்துதல்’ என்று அர்த்தம் போட்டிருந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அச்சில் வந்ததெல்லாம் சத்தியம் என்று நம்பினேன். ஆகவே கம்பெனி வேன் வந்து நின்று, ஏழு பேர் உட்காரும் இடத்தில் பதினாலு பேர் இருக்க, டிரைவர் “அட்ஜஸ்ட் பண்ணி ஏறும்மா” என்றபோது, எதைச் சரிப்படுத்தச் சொல்கிறார் என்று கீழேயே நின்றுகொண்டிருந்தேன். வேன் போய்விட்டது. அந்த வாரம் இரண்டு நாள் பஸ்ஸில்தான் போனேன்.

பிறகு மெல்ல மெல்லக் கற்றேன். ஓவர்லாக் மெஷினில் தையல் தளர்ந்தால் மெக்கானிக் வந்து அட்ஜஸ்ட் பண்ணுவார். இது ஒன்றுதான் புத்தகத்தில் இருந்த அட்ஜஸ்ட். மற்றதெல்லாம் வேறு. கேன்டீனில் சாம்பார் தீர்ந்துபோனால் ரசத்தை வைத்து அட்ஜஸ்ட். கை ஒரு நிறம், உடம்பு ஒரு நிறமாகத் தைத்து வந்த பீஸை ஜன்னலோரம் பிடித்து, “வெளிச்சத்துல பாத்தா அட்ஜஸ்ட் ஆயிரும்” என்பார்கள். கரண்ட் போனால் மத்தியானச் சாப்பாட்டு நேரம் அட்ஜஸ்ட் ஆகிக் காலை பதினொரு மணிக்கே வந்துவிடும். பசி மட்டும் பழைய நேரத்துக்கே வரும். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வரச் சொல்லும்போது, “கோயில் அடுத்த ஞாயித்துக்கெழமையும் அங்கயேதான இருக்கும், அட்ஜஸ்ட் பண்ணிக்க மேரி” என்பார்கள். எங்கள் பங்குச் சாமியாரிடம் இதை அப்படியே சொன்னேன். அவரும் சிரித்துக்கொண்டே, “சரிம்மா, சாயங்காலப் பூசைக்கு வந்து அட்ஜஸ்ட் பண்ணிரு” என்றார்.

எனக்கு மாப்பிள்ளை பார்க்க வந்தவர்களும் அந்தச் சொல்லை மறக்காமல் கொண்டுவந்தார்கள். “பையன் கொஞ்சம் முன்கோவக்காரன். படிச்ச புள்ளதான, அட்ஜஸ்ட் பண்ணிக்கும்.” அடுத்து வந்தவர்கள்: “பையன் அதிகமாப் பேசவே மாட்டான். படிச்ச புள்ளதான, அட்ஜஸ்ட் பண்ணிக்கும்.” படிப்பு எதற்குப் பயன்படும் என்று எனக்கு இருந்த சந்தேகம் அன்றோடு தீர்ந்தது.

சுமித்ராவின் நோட்டுக்காக யோசித்தபோதுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. அட்ஜஸ்ட் என்றால் யாரோ ஒருவர் இருக்கும் இடத்திலிருந்து அரை அங்குலம் நகர வேண்டும் என்று அர்த்தம். யார் நகர வேண்டும் என்பதைச் சொல்வதில்லை. சொல்கிறவர் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

சண்முகம் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் கத்திப் பேசி நான் பார்த்ததில்லை. கழுத்தில் அளவு டேப்பை மாலை மாதிரிப் போட்டிருப்பார். காலருக்குள் கைக்குட்டையை நாலாக மடித்து வைத்திருப்பார். வேர்க்காத மாதத்திலும் அது இருக்கும். எதைக் கேட்டாலும் முதலில் “பாத்துக்கலாம்” என்பார். அட்ஜஸ்ட் என்று சொல்லும்போது மட்டும் வலது கையை உயர்த்தி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி காட்டுவார். “கொஞ்சம்… அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மணி.” டி-ஷர்ட் நீளம் குறைந்தாலும் அதே இடைவெளிதான். இரண்டு மணி நேரம் அதிகமாக இருக்கச் சொன்னாலும் அதே இடைவெளிதான். ஒரு தடவை லீவு கேட்டுப் போனவளிடம், அவள் அண்ணன் கல்யாணத்தையே அந்த இடைவெளிக்குள் நகர்த்தி வைக்க முடியுமா என்று கேட்டார்.

அவர் கெட்டவர் இல்லை. ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டுப் பையருக்கும் கட்டிங்குக்கும், தையலுக்கும் சாயப்பட்டறைக்கும் நடுவே எட்டுத் திசையிலிருந்தும் அவரிடம் அந்தச் சொல்லையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் அதை எங்களிடம் இறக்கி வைத்தார்.

பயிற்சிக் காலத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ஆறு மாதம் பிசிறு வெட்டினேன். ஒரு வருடம் கறையும் ஓட்டையும் தேடினேன். அப்புறம் டேப்பைக் கையில் கொடுத்தார்கள். அளப்பது சுலபம் என்று நினைப்பவர்கள் ஒரு பனியனை அளந்து பார்க்க வேண்டும். பனியன் துணி தறித் துணி மாதிரி இல்லை. அதற்கு உயிர் உண்டு. இழுத்தால் வரும், விட்டால் போகும். பீஸை மேசைமேல் விரித்து, உள்ளங்கையால் சுருக்கத்தை மட்டும் நீவிவிட வேண்டும். விரல் நுனி துணியைப் பிடிக்கக் கூடாது. கழுத்தோரம் தோள் எந்த இடத்தில் உச்சியோ அங்கே டேப்பின் நுனி. அங்கிருந்து நேராகக் கீழ் மடிப்பு வரைக்கும் நீளம். மார்பளவை அக்குளிலிருந்து ஓர் அங்குலம் கீழே எடுக்க வேண்டும். டேப் தளர்ந்தும் இருக்கக் கூடாது, விறைத்தும் இருக்கக் கூடாது. பையர் கொடுத்த அளவிலிருந்து ஒரு சென்டிமீட்டர் கூடலாம், ஒரு சென்டிமீட்டர் குறையலாம். அதைத் தாண்டினால் பீஸ் ரிஜெக்ட்.

துணிக்கு உயிர் இருப்பதால் இன்னொரு வேலையும் உண்டு. மில்லிலிருந்து ரோலாக வரும் துணி, சுற்றும்போதே இழுபட்டிருக்கும். அதை அவிழ்த்து ஒரு நாள் முழுக்க அப்படியே ஆறப்போட வேண்டும். துணி தன் இயல்பான நீளத்துக்குச் சுருங்கிய பிறகுதான் கத்தி வைக்க வேண்டும். அவசரத்தில் அந்த ஒரு நாளை விழுங்கிவிட்டால், வெட்டும்போது சரியாக இருக்கும் நீளம் தைத்து வரும்போது குறைந்திருக்கும்.

ஏழாவது வருடம் என்னை குவாலிட்டி கன்ட்ரோலர் ஆக்கினார்கள். செக்கிங் மேசையிலிருந்து ஒரு பெண் அந்த இடத்துக்குப் போனது எங்கள் கம்பெனியில் அதுதான் முதல் தடவை. இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பையரின் இன்ஸ்பெக்டர் வருவதற்கு முந்தைய நாள், நாங்களே அளந்து ஒரு ரிப்போர்ட் எழுதி வைக்க வேண்டும். அட்டைப்பெட்டி நம்பர், சைஸ், எட்டு அளவுகள், அடியில் கையெழுத்து. அந்தக் கையெழுத்து இனி என்னுடையது.

கையெழுத்து எங்கள் வீட்டில் பெரிய விஷயம். அப்பாவும் அம்மாவும் ரேகை வைப்பவர்கள். நான் ஆறாம் வகுப்புப் படிக்கும்போதிருந்தே தெருவுக்கே கடிதம் படிப்பவள் நான்தான். கூட்டுறவுச் சங்கத்திலிருந்து ஏதாவது தாள் வந்தால் அப்பா அதை மடிப்புக் கலையாமல் எடுத்துவந்து என் முன்னால் வைத்துவிட்டு, எழுதி முடிக்கும் வரைக்கும் நின்றுகொண்டே இருப்பார்.

நான் கன்ட்ரோலர் ஆகி மூன்றாவது மாதம் அந்த ஆர்டர் வந்தது. கருநீல ஆண்கள் டி-ஷர்ட். மற்ற சைஸ்களெல்லாம் சரியாக வந்துவிட்டன. ‘எல்’ சைஸுக்கான துணி மட்டும் கடைசியில், தாமதமாக வந்தது. கட்டிங் மாஸ்டர் அதை ஆறப்போடாமல் அன்றைக்கே விரித்து வெட்டிவிட்டார். இது யாருக்கும் தெரியாது. இன்ஸ்பெக்டர் மறுநாள் காலை பத்து மணிக்கு வருகிறார் என்ற நிலையில், மத்தியானம் மூன்று மணிக்கு என் டேப்புக்குத்தான் முதலில் தெரிந்தது. நீளம் எழுபத்திரண்டு சென்டிமீட்டர் இருக்க வேண்டும். எழுபதுதான் இருந்தது. பத்துப் பீஸ் எடுத்தேன். பத்தும் எழுபதை ஒட்டித்தான் நின்றன. மொத்தம் அறுநூற்றுச் சொச்சம் பீஸ்.

சண்முகம் சாரிடம் போனேன். “சார், எல் சைஸு எழுவதுதானுங்க வருது. ரெண்டு கொறையுதுங்க.”

அவர் விரலை உயர்த்தினார். அதே இடைவெளி. “பரமசிவத்துகிட்டச் சொல்றேன். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மணி. இது திரும்பிப் போச்சுன்னா அடுத்த சீசன் ஆர்டர் வராது. நாலு தையல் லைன் சும்மா ஒக்கோந்திருக்கும். பாத்துக்க.”

பரமசிவம் அண்ணன் எங்கள் அயர்ன் மாஸ்டர், திருநெல்வேலிக்காரர். பீஸை மேசையில் போட்டு ஆவி விடுவார். இடது கை கழுத்தில், வலது கை கீழ் மடிப்பில். தூங்கும் குழந்தைக்கு அடியிலிருந்து பாயை உருவுவதுபோல ஓர் இழுப்பு. உடனே மேலே இஸ்திரிப் பெட்டி ஒரு ஓட்டம். துணி ஒரு சத்தமும் இல்லாமல் நீண்டுவிடும்.

“எவ்வளவு பிள்ள வேணும்?” என்று கேட்டார். “எழுவத்திரெண்டா? வேணும்னா இன்னும் ஒரு அரை சேத்துப் போடுதேன்.”

நான் அளந்தேன். எழுபத்திரண்டு. இன்னொன்று. எழுபத்திரண்டு. டேப் பொய் சொல்லவில்லை. அந்த நிமிடத்தில் அந்தப் பீஸின் நீளம் அதுதான். அப்படித்தான் நான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஐந்தரை மணிக்கு ரிப்போர்ட்டில் எழுபத்திரண்டு என்று எழுதி, கையெழுத்துப் போட்டேன். ஆறு வருடம் கழித்து எனக்கும் அட்ஜஸ்ட் பண்ணத் தெரிந்துவிட்டது. சண்முகம் சார், “அவ்வளவுதான் அம்மணி” என்று சொல்லி எனக்கு ஒரு டீ வரவழைத்தார்.

வீட்டுக்குப் போனபோது பக்கத்து வீட்டு மாரியம்மா அக்கா ஒரு விண்ணப்பத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தார். மகளை விடுதியில் சேர்க்க, தெரிந்தவர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டுமாம். எனக்கு உடம்பு அலுப்பு. பேனாவை எடுத்து நேராக அடிக்குப் போனேன்.

“படிக்காமயே போடற?” என்றார் அப்பா.

“எல்லாம் ஒரே மாதிரிதானுங்கப்பா இருக்கும்.”

அப்பா மாரியம்மா அக்காவிடம் திரும்பி, “எம்புள்ள படிச்சுப் பாத்துட்டுத்தான் போடுவா. நீ செத்த உக்காரு” என்றார். அவருக்கு எழுத்துத் தெரியாது. நான் படிக்கிறேனா, படிப்பதுபோல உட்கார்ந்திருக்கிறேனா என்று மட்டும் அவருக்கு நன்றாகத் தெரியும்.

நான் முழுவதையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் வேனுக்குக் காத்திருக்காமல் முதல் பஸ்ஸைப் பிடித்தேன்.

ஏழரை மணிக்கு கம்பெனியில் வாட்ச்மேனும் நானும் மட்டுமே. ஓர் அட்டைப்பெட்டியைத் திறந்து, பீஸை எடுத்து விரித்து, விரல் நுனி படாமல் நீவி, அளந்தேன். எழுபதரை. அடுத்தது எழுபது. அதற்கடுத்ததும் எழுபது. இழுத்ததெல்லாம் இரவோடு இரவாகத் தன் இடத்துக்குத் திரும்பிவிட்டது. பரமசிவம் அண்ணன் வந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். “பத்து மணி வரைக்கும் நிக்கும்னுதான் கணக்குப் போட்டேன். மழை பெஞ்சிருக்குல்லா, ஈரக்காத்து கெடுத்துப்போட்டு.”

நான் ஒரு பீஸைக் கையில் வைத்துக்கொண்டு அதன் கீழ் மடிப்பைத் தடவிக்கொண்டே நின்றேன். அப்போது என் பள்ளிக்கூடப் பாவாடை ஞாபகம் வந்தது. ஒரே பாவாடையை மூன்று வருடம் போட்டவள் நான். அம்மா முதலிலேயே கீழே அகலமாக மடித்துத் தைத்துவைப்பாள். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது மடிப்பைப் பிரித்துக் கொஞ்சம் இறக்குவாள். பழைய மடிப்பு இருந்த இடத்தில் ஒரு கோடு தெரியும். “மேரி பாவாடையில எத்தன கோடோ அத்தன வருசம்” என்று பிள்ளைகள் எண்ணிச் சொல்வார்கள். அப்போது அழுதிருக்கிறேன். அந்தக் கோடுகள் ஒரு நாள் சோறு போடும் என்று அன்றைக்கு யார் கண்டது?

இந்த டி-ஷர்ட்டின் மடிப்பு இரண்டரை சென்டிமீட்டர். ஒன்றரையாக்கினால் ஒரு சென்டிமீட்டர் துணி கீழே இறங்கும். எழுபது எழுபத்தொன்றாகும். எழுபத்தொன்று என்றால் பாஸ்.

கீழ் மடிப்புத் தைக்கும் பிளாட்லாக் டெய்லர் வந்ததும் ஒரு பீஸைப் பிரித்து, ஒன்றரையில் தைக்கச் சொன்னேன். பழைய தையல் இருந்த இடத்தில் ஊசித் தடம் வரிசையாகத் தெரிந்தது. பரமசிவம் அண்ணன் இழுக்காமல் ஆவி மட்டும் காட்டி, உள்ளங்கையால் தேய்த்தார். பனியன் ஊசி நூலை அறுக்காது, விலக்கத்தான் செய்யும். விலகிய நூல் சேர்ந்துகொண்டது. தடம் மறைந்துவிட்டது.

எட்டரைக்கு சண்முகம் சார் வந்தபோது, நேற்றைய ரிப்போர்ட்டில் என் கையெழுத்தின் மேல் குறுக்கே ஒரு கோடு இருந்தது. பக்கத்தில் புது ரிப்போர்ட். அதில் எழுபது என்று எழுதியிருந்தேன்.

“நேத்துப் போட்ட கையெழுத்து யாரோடதுங்க மேடம்?” என்றார். அவர் என்னை மேடம் என்றது அன்று ஒரு நாள்தான்.

“என்னோடதுதானுங்க சார். அதனாலதான் நானே அடிச்சேன்.”

“இது ஃபெயில் ஆச்சுன்னா நாளைக்கு நீயும் இருக்கமாட்ட, நானும் இருக்கமாட்டேன். தெரியுமா?”

“தெரியுமுங்க சார்.”

“பத்து மணிக்கு வந்து அளந்தா அவனே கண்டுபுடிக்கட்டும். நாம எதுக்கு முந்திக்கோணும்?”

“அவரு கண்டுபுடிச்சா நாம ஏமாத்துனோம்னு ஆயிருமுங்க. நாம சொன்னா, தப்பு நடந்து போச்சுன்னு மட்டும் ஆகும். இந்தப் பீஸைப் பாருங்க சார். எழுவத்தொண்ணு. இழுக்கவே இல்லீங்க.”

அவர் தன் கழுத்து டேப்பைக் கழற்றி அளந்தார். மடிப்பை அளந்தார். மறுபடி நீளத்தை அளந்தார். பையரைக் கேட்காமல் மடிப்பு அளவை மாற்ற முடியாது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். கேட்டால் குறையை ஒப்புக்கொண்டாக வேண்டும் என்பதும் தெரியும். காலரிலிருந்து கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். அன்று மட்டும் அதற்கு வேலை இருந்தது. “பாத்துக்கலாம்” என்றார். விரலை உயர்த்தவில்லை.

இன்ஸ்பெக்டர் சென்னையிலிருந்து வந்தவர். ஒல்லியாக இருப்பார், சொந்த டேப் கொண்டுவருவார், யார் கொடுத்தாலும் டீ குடிக்கமாட்டார். அவர் உட்காருவதற்குள் நான் புது ரிப்போர்ட்டையும் இரண்டு பீஸையும் அவர் முன்னால் வைத்தேன். எது எத்தனை குறைவு, ஏன் குறைந்தது, எப்படிச் சரிசெய்யலாம் என்று சொல்லி முடித்தேன். கோடு போட்ட பழைய ரிப்போர்ட்டும் அதே மேசையில்தான் கிடந்தது.

அவர் நாற்பது பீஸ் அளந்தார். எட்டு அளவுகளையும். பிறகு ஊசித் தடம் இருந்த இடத்தைக் கண்ணுக்கு அருகே பிடித்துப் பார்த்தார். ரிப்போர்ட்டில் ‘ஹோல்ட்’ என்று எழுதினார். பாஸும் இல்லை, ஃபெயிலும் இல்லை. பையருக்கு மெயில் போனது. அங்கே அப்போது இன்னும் விடியவில்லை.

பதில் வருவதற்கு இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் என்னைத் தாண்டிப் போகிறவர்களெல்லாம் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். செக்கிங் மேசைப் பெண்கள் மட்டும், “அக்கா, வேலை போனா எங்க மேசைக்கே வந்துருங்க, அட்ஜஸ்ட் பண்ணி இடம் தர்றோம்” என்றார்கள்.

மூன்றாம் நாள் மெயில் வந்தது. எல் சைஸுக்கு மட்டும் மடிப்பு ஒன்றரை சென்டிமீட்டர் ஒப்புக்கொள்ளப்படுகிறது. பழைய ஊசித் தடம் தெரியக் கூடாது. அறுநூற்றுச் சொச்சம் பீஸையும் பிரிக்க உட்கார்ந்தோம். செக்கிங், பேக்கிங், ஆபீஸ் எல்லாரும். சண்முகம் சாரும் மடியில் கைக்குட்டையை விரித்து, நூல் பிரிக்கும் கொக்கியோடு உட்கார்ந்தார். அவர் ஒரு பீஸைப் பிரிக்கும் நேரத்தில் மற்றவர்கள் ஐந்து முடித்தார்கள். “சார், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணி வேகமாப் பிரிங்க” என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். யார் என்று அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் எல்லாத் தலையும் குனிந்துவிட்டது.

மறுபடி வந்து பாஸ் போட்டுவிட்டுப் போகும்போது இன்ஸ்பெக்டர் என்னிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். “அந்த அடிச்ச ரிப்போர்ட்டைக் கொடுத்திருந்தீங்கன்னா, ஃபெயில் போட்டுட்டு அன்னைக்கு மத்தியான ரயிலையே பிடிச்சிருப்பேன்மா.”

சண்முகம் சார் என்னைப் பாராட்டவில்லை. அதற்குப் பிறகு யார் எதைக் கொண்டுவந்தாலும், “மேரிகிட்ட அட்ஜஸ்ட் நடக்காதுப்பா” என்று திருப்பி அனுப்பினார். முதலில் அதைப் புகார் மாதிரிச் சொன்னார். போகப் போக, பையரிடமே சொல்ல ஆரம்பித்தார். ஒரு தடவை வெளிநாட்டுக்காரர் ஒருவரிடம் என்னைக் காட்டி, இங்கிலீஷில், “ஷி நோ அட்ஜஸ்ட்” என்று அறிமுகப்படுத்தினார். அந்த மனிதர் ஒன்றும் புரியாமல் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

இதையெல்லாம் சுமித்ராவிடம் சொல்லி முடித்தபோது அவள் கேட்டாள். “அப்ப, நீங்க மடிப்பு மாத்தினது என்ன அக்கா? அதுவும் அட்ஜஸ்தான?”

ஆமாம். புத்தகத்தின் பின்பக்கத்தில் இருந்தது அதுதான். அதைக் கண்ணால் பார்க்க எனக்கு ஆறு வருடம் பிடித்திருக்கிறது.

அந்தக் கருநீல ஆர்டருக்குப் பிறகு, சுற்றுவட்டாரக் கம்பெனிகளிலிருந்து சிலர் என்னைத் தேடிவர ஆரம்பித்தார்கள். நீளம் குறைந்தது, கழுத்து விரிந்தது, கை மாறிப்போனது என்று நின்றுபோன சரக்கை என்ன செய்யலாம் என்று கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்த்துச் சொன்னேன். பூசையைத்தான் சாயங்காலத்துக்கு அட்ஜஸ்ட் பண்ணியாகிவிட்டதே. இப்படி மூன்று வருடம் போன பிறகுதான் சுவர்க் கடிகாரத்தை வாங்கிக்கொண்டு ஓய்வு பெற்றேன்.

அந்தக் கடிகாரம் இப்போது அவிநாசியில், நான் வாடகைக்கு எடுத்திருக்கும் கூடத்தின் சுவரில் ஓடுகிறது. மூன்று மெஷின், ஓர் அயர்ன் மேசை, ஓர் அளவு மேசை. நின்றுபோன சரக்கைச் சரிசெய்து கொடுப்பது எங்கள் தொழில். நிபந்தனை ஒன்றுதான்: பையர் ஒப்புக்கொண்ட கடிதம் கையில் வராமல் ஒரு மடிப்பையும் பிரிக்கமாட்டோம். சுமித்ராவும் வந்துவிட்டாள். அளவு மேசைக்கு முன்னால் நாற்காலி போட்டிருக்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை முதல் சரக்கு வந்து இறங்கியது. கூடவே சண்முகம் சாரும் இறங்கினார். கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார்.

“லெட்டருங்க சார்?”

“நாளைக்கு வந்துரும் அம்மணி. ஆளுக சும்மாதான இருக்காங்க. அதுக்குள்ள…” வலது கை தானாக உயர்ந்தது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவே அதே இடைவெளி. “கொஞ்சம்…”

“கையை அப்படியே வெச்சிருங்க சார்” என்றேன். என் கழுத்திலிருந்த டேப்பை எடுத்து அந்த இடைவெளியில் வைத்து அளந்தேன். சரியாக இரண்டு சென்டிமீட்டர். ஒன்பது வருடமாக எனக்கிருந்த சந்தேகம்.

அவர் முதலில் விரலைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். “சரி, சரி. லெட்டரோடவே வர்றேன்.”

கட்டுகளைப் பிரிக்காமல் சுவரோரம் அடுக்கி, மேலே ஒரு துணியைப் போர்த்தி வைத்தோம். புதனும் போனது. வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கடிதம் வந்தது. அதை முதலிலிருந்து கடைசி வரை இரண்டு தடவை படித்தேன். பிறகு வாங்கிக்கொண்டதற்கு அடையாளமாக அடியில் கையெழுத்துப் போட்டுவிட்டு, முதல் பீஸை எடுத்து, அதன் மடிப்பை நானே பிரித்தேன்.